மூளைக்காய்ச்சலும் ஸ்கேனும்: தோட்டத்துப் பட்டணத்தில் எது முதலில், எது பிறகு

காய்ச்சலும் கழுத்து விறைப்புமாக ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "தலைக்கு ஸ்கேன் எடுத்தாச்சா, டாக்டர்?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் பாக்டீரியா மூளைக்காய்ச்சலில், அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி தொற்றும் மெனிஞ்சைட்டிஸில், உயிரைக் காப்பாற்றுவது ரத்தக் குழாயில் ஏறும் ஆண்டிபயாட்டிக். நோயை உறுதி செய்வது முதுகிலிருந்து எடுக்கும் தண்டுவட நீர். ஸ்கேன் இந்த இரண்டில் எதையும் செய்யாது. அதற்கென்று தனி வேலைகள் உண்டு. அவை முக்கியமானவை, ஆனால் அவற்றுக்கு உரிய நேரம் வேறு.

சி.டி. இயந்திரம் (எக்ஸ்ரே கதிரால் தலைக்கு ஸ்கேன் எடுப்பது) இல்லாத சிறிய ஆஸ்பத்திரிகள் உள்ள இடங்களில் இந்த வரிசை தெரிந்திருப்பது இன்னும் அவசியம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஸ்கேன் வசதியுள்ள ஈப்போவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து) செம்மண் ரோட்டைத் தாண்டிப் பெரிய சாலையைப் பிடிப்பதற்கே நேரம் ஓடிவிடும். "ஈப்போவில் ஸ்கேன் பார்த்துவிட்டு மருந்தை ஆரம்பிக்கலாம்" என்று முடிவு செய்தால், வண்டி, பதிவு, ஸ்கேன் வரிசை, படத்தைப் படிப்பது எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மணி நேரம் போய்விடும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏறிவிட வேண்டும் என்பதே ஐரோப்பிய வழிகாட்டிகள் வைக்கும் கெடு.

ஸ்கேனுக்கு முன்னால் உள்ள ஒரு மணி நேரம்

முதலில் சந்தேகப்பட வேண்டும். நெதர்லாந்தில் 696 மூளைக்காய்ச்சல் நிகழ்வுகளின் விவரங்களைத் தொகுத்து 2004-இல் வெளியான ஆய்வில், காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 44 சதவீதம் மட்டுமே. ஆனால் இந்த மூன்றோடு தலைவலியையும் சேர்த்து, நான்கில் குறைந்தது இரண்டு இருந்தவர்கள் 95 சதவீதம். அதனால் மூன்றும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயதான சர்க்கரை நோயாளிக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். "நேத்துலேருந்து ஒரு மாதிரியா பேசுறார்" என்பது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். கைக்குழந்தை பால் குடிக்க மறுக்கும், கீச்சென்று அழும், துவண்டு கிடக்கும், உச்சிக்குழி புடைத்திருக்கும். தோலில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதா புள்ளிகள் தெரிகிறதா என்று பாருங்கள். நம் நிறத்துக்கு அவை கையிலும் காலிலும் எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக் கிளினிக்கில் இருக்கும் எச்.ஏ. (மருத்துவ உதவியாளர்) செய்யக்கூடியது நிறைய. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். குழப்பத்துக்குக் காரணம் தாழ்ந்த சர்க்கரையாகவே இருக்கலாம். நினைவு நிலையை கிளாஸ்கோ அளவில் (15 என்றால் முழு நினைவு, 3 என்றால் ஆழ்ந்த மயக்கம்) எண்ணாக எழுதி, பக்கத்தில் மணியையும் குறியுங்கள். "மயக்கமாக இருக்கிறார்" என்று எழுதினால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் புரியாது; "காலை 9.20-க்கு 13, 9.50-க்கு 11" என்று எழுதினால் நோய் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று உடனே தெரியும். ஸ்கேன் முதலிலா, முதுகு நீர் முதலிலா என்ற முடிவு பின்னால் இந்த எண்களை வைத்துத்தான் எடுக்கப்படும். 999-ஐ அழையுங்கள், ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் பேசுங்கள். வழியில் தாமதமாகும் என்று தெரிந்தால் முதல் ஊசியைக் கிளினிக்கிலேயே போடலாமா என்று கேளுங்கள். அந்த ஊசிக்காக வண்டியைக் காக்க வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் வரிசை இப்படி. ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இரண்டு செட், பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்குச் சுமார் 10 மில்லி. அடுத்து வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன், பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.15 மில்லிகிராம். இது ஆண்டிபயாட்டிக்குக்குச் சற்று முன்போ கூடவோ போக வேண்டும். பின்பு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு நாள். உடனே செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆண்டிபயாட்டிக், பெரியவர்களுக்கு 2 கிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. 50 வயதைத் தாண்டியவர், நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் ஆம்பிசிலின் 2 கிராம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சேர்க்க வேண்டும். லிஸ்டீரியா கிருமியை செஃப்ட்ரியாக்ஸோன் தொடாது. பிறந்த குழந்தைக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது: செஃப்ட்ரியாக்ஸோனுக்குப் பதில் செஃபோடாக்ஸிமும் ஆம்பிசிலினும் தருவார்கள், டெக்ஸாமெத்தசோன் தருவதில்லை.

நம் நாட்டில் மறக்கக் கூடாத ஒரு எச்சரிக்கை. மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்கு, அதுவும் மழைக்காலத்தில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் வந்திருக்கலாம். அது மூளையில் சீழ்க்கட்டியாகவும் வரும். அதற்கு செஃப்ட்ரியாக்ஸோனை நம்ப முடியாது. மூளையைத் தொட்ட மெலியாய்டோசிஸுக்கு மெரொபெனெம் 2 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. நோயாளி என்ன வேலை பார்க்கிறார், சர்க்கரை உண்டா என்பதைக் குடும்பமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு ஸ்கேன் முந்த வேண்டும்

முதுகு நீர் எடுப்பதற்கு முன் சி.டி. பார்ப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான். மண்டையோட்டுக்குள் ஒரு பக்கம் மட்டும் கட்டியோ சீழோ பெரிய வீக்கமோ இருந்து, கீழே முதுகில் நீரை எடுத்தால், மேலிருக்கும் அழுத்தம் மூளையைக் கீழ்நோக்கித் தள்ளி மூளைத்தண்டை நசுக்கலாம். அப்படிப்பட்ட ஆபத்து உள்ளவர்களைப் பொறுக்கி எடுக்கத்தான் படம். எல்லோருக்கும் எடுப்பது பாதுகாப்பு என்று தோன்றும், நடப்பது தாமதம்.

சி.டி. முதலில் என்று சொல்ல வைப்பவை இவை. கை காலில் ஒரு பக்கப் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வையில் ஒரு பாதி போவது போன்ற இடம் சார்ந்த குறைகள். முன்பு இல்லாமல் கடந்த ஒரு வாரத்துக்குள் புதிதாக வந்த வலிப்பு. கண்ணின் பின்திரையில் பார்வை நரம்பு வீங்கியிருப்பது. எச்.ஐ.வி., உறுப்பு மாற்று, புற்றுநோய் மருந்து போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குறைந்தவர். முன்பே மூளையில் கட்டி, பக்கவாதம், தொற்று இருந்தவர். பிறகு, நினைவு நிலை.

நினைவு நிலையில்தான் வழிகாட்டிகள் ஒத்துப்போவதில்லை. 2004-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி, நினைவில் மாற்றம் இருந்தாலே ஸ்கேன் என்கிறது. 2016-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வழிகாட்டி கிளாஸ்கோ 12-ம் அதற்குக் கீழும் என்கிறது. அதே ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி 10-க்குக் கீழே என்கிறது. சுவீடன் 2009-இல் நினைவுக் குறைவை மட்டும் வைத்து முதுகு நீரைத் தள்ளிப்போடும் வழக்கத்தையே கைவிட்டது. அதன் பிறகு அங்கே சிகிச்சை முந்தித் தொடங்கியது, இறப்பும் குறைந்தது. சி.டி. அறை பத்து நிமிட நடையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கும், அதற்காக ஆம்புலன்ஸ் ஏற வேண்டிய ஆஸ்பத்திரிக்கும் ஒரே எல்லை பொருந்தாது. நோயாளி 13, 14-இல் நிலையாக இருந்து மேலே சொன்ன வேறு எதுவும் இல்லையென்றால், மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே முதுகு நீரை எடுத்துவிடுவதுதான் சரியான முடிவு என்பது எங்கள் கருத்து. 12-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போகிறார் என்றால் மருந்தை ஏற்றி, வண்டியில் ஏற்றுங்கள்.

இந்த ஆபத்துக் குறிகள் எதுவும் இல்லாதவர்களுக்குப் படம் எவ்வளவு பயன்படும்? 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் வந்த 301 பெரியவர்களில் 235 பேருக்கு முதலில் சி.டி. எடுத்தார்கள். மூளையைத் தள்ளும் மாற்றம் தெரிந்தது 11 பேருக்கு. எந்த ஆபத்துக் குறியும் இல்லாத 96 பேரில் 93 பேருக்குப் படம் இயல்பாகவே இருந்தது.

இதன் மறுபக்கமும் தெரிய வேண்டும். இயல்பான சி.டி. என்பது முதுகில் ஊசி போட அனுமதிச் சீட்டு ஆகாது. அழுத்தம் ஏறியிருந்தும் படம் சுத்தமாகத் தெரியலாம். ஒரு கண்மணி மட்டும் விரிந்திருப்பது, நாடித் துடிப்பு குறைந்து ரத்த அழுத்தம் ஏறுவது, மூச்சு தாறுமாறாவது, கை கால்கள் விறைத்து முறுக்குவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், படம் எப்படி இருந்தாலும் ஊசி வேண்டாம். தட்டணுக்கள் (பிளேட்லெட்) 40,000-க்குக் கீழே, ரத்த உறைவில் கோளாறு, வார்ஃபரின் போன்ற மருந்து, ஊசி போடும் இடத்தில் தோல் புண், அதிர்ச்சி நிலை (ஷாக்) ஆகியவையும் ஊசியைத் தடுக்கும் காரணங்களே. அவற்றை ஸ்கேன் காட்டாது. டெங்கி பரவலாக இருக்கும் நம் ஊரில், தட்டணு எண்ணிக்கையைப் பார்க்காமல் முதுகைத் தொடக் கூடாது.

பார்வை நரம்பு வீக்கம் பற்றி ஒரு சொல். அது வெளியே தெரிய நேரம் பிடிக்கும். ஒரே நாள் காய்ச்சலில் அது இல்லை என்பதால் அழுத்தம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இருந்துவிட்டால், நோய் பல நாளாக உள்ளே ஓடியிருக்கிறது என்று பொருள். சீழ்க்கட்டி, சிரைகளில் ரத்த உறைவு, காசநோய், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை ஆகியவற்றை நினைக்க வேண்டும்.

முதுகு நீரைத் தள்ளிப்போட்டால் என்ன இழப்பு

மருந்து ஏறிய பிறகு கிருமியைக் கல்ச்சரில் பிடிப்பது கடினமாகும். மெனிங்கோகாக்கஸ் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நீரிலிருந்து மறையலாம். நிமோகாக்கஸ் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு மறையத் தொடங்கும். ஆனாலும் வெள்ளணு, புரதம் ஆகிய மாற்றங்கள் சில நாள் தங்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் பல சமயம் காட்டிக்கொடுக்கும். ஆகவே "மருந்து போட்டாச்சு, இனி எடுத்துப் பயனில்லை" என்பது தவறு. ஈப்போவில் படம் பார்த்து, தடை இல்லையென்றால் அன்றே எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது அழுத்தத்தை அளக்க வேண்டும், அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். நீரில் உள்ள சர்க்கரையை ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு; விகிதம் 0.4-க்குக் கீழே போனால் பாக்டீரியாவின் பக்கம் சாயும்.

"முதுகுல ஊசி போட்டா கால் முடங்கிடும்" என்ற பயம் லயங்களில் இன்னும் ஆழமாக இருக்கிறது. இந்தப் பயத்தால் கையெழுத்துப் போட மறுத்து, "ஸ்கேன் மட்டும் போதும்" என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே உண்டு. சில நாள் தலைவலி வரலாம், முதுகு வலிக்கலாம். கால் முடங்குவதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலும் காலை முடக்கியது ஊசி இல்லை, நோய்தான்.

சி.டி. கேட்கும்போது எதைக் கேட்பது

படிவத்தில் "மெனிஞ்சைட்டிஸா?" என்று மட்டும் எழுதினால் ரேடியாலஜிஸ்ட்டால் பதில் சொல்ல முடியாது, மூளைக்காய்ச்சலில் சி.டி. பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும். கேள்வியை இப்படி எழுதுங்கள்: "52 வயது ஆண், சர்க்கரை நோய், 2 நாள் காய்ச்சல், இன்று காலை வலிப்பு, கிளாஸ்கோ 11, வலது காதில் பழைய சீழ். முதுகு நீர் எடுக்கும் முன்: இடத்தை அடைக்கும் கட்டி அல்லது சீழ் உண்டா, நடுக்கோடு விலகியிருக்கிறதா, வென்ட்ரிக்கிள்கள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள்) விரிந்திருக்கின்றனவா, மூளைத்தண்டைச் சுற்றிய நீர் இடைவெளிகள் திறந்திருக்கின்றனவா? காதுக்குப் பின்னெலும்பும் சைனஸும் எலும்புப் பார்வையில் தேவை." கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிருமி எங்கிருந்து ஏறியது என்பதை அந்த எலும்புப் பார்வைதான் காட்டும். காதுச் சீழும் சைனஸ் சளியும் மூளைக்கு வழி விட்டிருந்தால், அந்த மூலத்தைச் சுத்தம் செய்யாமல் மருந்து மட்டும் ஓட்டுவது வீண்.

ஊசிக்கு முன் பார்க்கும் படத்துக்குச் சாயம் (படத்தில் தெளிவு கூட்ட ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து) வேண்டாம், சாதாரண சி.டி. போதும், மேசையில் சில நிமிடம்தான். சாயம் தேவைப்படுவது சீழ்க்கட்டி, சிரை உறைவு, மூளை உறைக்கு அடியில் பரவும் சீழ்ப் படலம் ஆகிய சந்தேகங்களில். கடைசியாகச் சொன்ன சீழ்ப் படலம் சாதாரணப் படத்தில் மெல்லிய கோடாக ஒளிந்துகொள்ளும், எளிதில் தப்பிவிடும். சைனஸ் தொல்லை இருந்த ஒரு இளைஞருக்குத் தலைவலி, காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கப் பலவீனம் எல்லாம் சேர்ந்து வந்தால், சாதாரண சி.டி. சுத்தம் என்று எழுதியிருந்தாலும் சாயத்தோடு மறுபடி எடுங்கள், முடிந்தால் எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் ஸ்கேன்) எடுங்கள். இது நரம்பு அறுவை மருத்துவரை அன்று இரவே எழுப்ப வேண்டிய நோய்.

சாயம் கொடுப்பதாக இருந்தால் முழங்கை மடிப்பில் 20 கேஜ் அளவு ஊசிக் குழாய் தயாராக இருக்கட்டும். புறங்கையில் போட்ட சிறிய குழாய், சிரைப் படத்துக்குத் தேவையான வேகத்தைத் தாங்காது, ஈப்போவில் மறுபடி குத்துவதில் நேரம் போகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் முடிவைக் கையோடு அனுப்புங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபோர்மின் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகம் பழுதாகி இருந்தால் அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பார்த்த பிறகே மீண்டும் தொடங்குவார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் "சிறுநீரகம் சரியில்லை, படம் வேண்டாம்" என்று நின்றுவிடவும் கூடாது. கர்ப்பிணிக்குத் தலை சி.டி.யில் வயிற்றைச் சேரும் கதிர் மிக மிகக் குறைவு. அதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம்.

வண்டியில் தலைப்பக்கம் 30 பாகை உயரட்டும், கழுத்து நேராக இருக்கட்டும். சி.டி. மேசையில் மட்டும்தான் சமதளமாகப் படுக்க வேண்டும். அழுத்தம் ஏறியவருக்கு அந்தச் சில நிமிடமே ஆபத்து என்பதால் எல்லாம் தயாரான பிறகு படுக்க வைத்து, முடிந்ததும் உயர்த்துங்கள். கிளாஸ்கோ 8-ம் அதற்குக் கீழும் என்றால் மூச்சுக்குழாய் பொருத்தாமல் சாலையில் அனுப்பக் கூடாது. திமிறும் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, மூச்சைக் கவனிக்க ஆளில்லாமல் ஸ்கேன் அறையில் விடுவதும் கூடாது.

படம் வந்து "நார்மல்" என்று எழுதியிருந்தால் குடும்பம் நிம்மதி அடைகிறது. சில சமயம் "ஒன்னும் இல்லைனு சொல்லிட்டாங்க" என்று வீட்டுக்கு அழைத்துப் போகக் கேட்கிறது. இது உயிரைப் பறிக்கும் தவறான புரிதல். இயல்பான சி.டி. மூளைக்காய்ச்சலை மறுப்பதில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியது, "முதுகு நீர் ரிசல்ட் என்ன, மருந்து எத்தனை நாள்?"

எம்.ஆர்.ஐ. எப்போது

முதல் நாளில் அதற்கு வேலை குறைவு. அது அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டிய சோதனை. அதன் பலம் சிக்கல்களைக் கண்டுபிடிப்பதில். டிஃப்யூஷன் என்ற படவரிசை, புதிய பக்கவாதத்தையும் சீழையும் தெளிவாகக் காட்டும்; வென்ட்ரிக்கிளின் அடியில் தேங்கிய சீழ் அதில் வெள்ளையாக எரியும், சி.டி.யில் அது பெரும்பாலும் கண்ணில் படாது. சிரைப் படம் ரத்த உறைவைக் காட்டும். கடோலினியம் சாயம் கொடுத்தால் மூளை உறை ஒளிரும். ஆனால் முதுகு நீர் எடுத்த பிறகு, எடுத்ததாலேயே உறை சிறிது ஒளிரலாம். அதனால் எப்போது எடுத்தீர்கள் என்பதைப் படிவத்தில் எழுதுங்கள்.

காசநோய் மூளைக்காய்ச்சலில் மூளையின் அடிப்பகுதி உறை தடித்து ஒளிர்வது, நீர் தேங்குவது, ஆழத்தில் சிறு பக்கவாதங்கள் ஆகியவை சேர்ந்து தெரியும். இரண்டு மூன்று வாரமாக இழுத்துக்கொண்டே வந்த காய்ச்சலில் இந்தப் படம் திசை காட்டும். 1998-99-இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கில் பரவிய நிப்பா வைரஸ் நோயிலும், வெள்ளைப் பகுதியில் சிதறிக் கிடந்த சிறு புள்ளிகளைக் காட்டியது எம்.ஆர்.ஐ.தான். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். நோயாளி பன்றிப் பண்ணையிலோ இறைச்சி வெட்டும் இடத்திலோ வேலை செய்பவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஸ்டிரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பாக்டீரியா அங்கிருந்தும் வரும், காதையும் செவிடாக்கும்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் போகக் கூடாது. தாலிக்கொடி, மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். நம்மவர்களிடம் மறந்துபோவது அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளிக் குழலும் தாயத்தும். தாயத்தின் உள்ளே செம்போ இரும்போ எது இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, அதனால் கயிற்றோடு கழற்றிவிடுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராத பெண்ணுக்கு, அந்த நேரத்துக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவைத்தால் ஸ்கேன் வாசலில் வாக்குவாதம் இருக்காது. பேஸ்மேக்கர், மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், கேட்பதற்காக உள்காதில் பொருத்திய காக்லியர் கருவி இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். வெல்டிங், கிரைண்டர் வேலை செய்தவரின் கண்ணில் இரும்புத் தூள் தெறித்திருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள்.

கைக்குழந்தைக்கு

உச்சிக்குழி மூடாத குழந்தைக்கு அந்த மென்மையான இடமே ஜன்னல். அதன் வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்துப் படுக்கையிலேயே பார்க்கலாம். கதிர் இல்லை, மயக்க மருந்து இல்லை. நீர் தேங்குவது, வென்ட்ரிக்கிளில் சீழ், உறைக்கு அடியில் நீர் சேருவது ஆகியவை தெரியும். அதோடு தினமும் ஒரே நேரத்தில், ஒரே டேப்பால், புருவத்துக்கு மேலும் பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்திலும் சுற்றித் தலைச் சுற்றளவை அளந்து எழுத வேண்டும். மிஸ்ஸி (நர்ஸ்) அளக்கும்போது தாயும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அளவு நாளுக்கு நாள் ஏறினால் அல்ட்ராசவுண்டை மறுபடி கேளுங்கள்.

உறைக்கு அடியில் தெளிந்த நீர் சேருவது கைக்குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும். பெரும்பாலும் தானே வற்றும். காய்ச்சல் திரும்புவது, வலிப்பு, தலை பெரிதாவது ஆகியவை இருந்தால்தான் அதைச் சீழ் என்று சந்தேகித்து எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இ.கோலை, சிட்ரோபாக்டர் போன்ற கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்கள் பிறந்த குழந்தையைத் தாக்கினால் சங்கதி வேறு. சிட்ரோபாக்டர் மூளையில் சீழ்க்கட்டி வைப்பதில் பேர்போனது. அந்தக் குழந்தை நன்றாகப் பால் குடித்தாலும் மருந்தை நிறுத்தும் முன் ஒரு படம் பார்த்தே தீர வேண்டும்.

மறுபடி எடுக்க வேண்டிய நாட்கள்

நன்றாகத் தேறி வரும் நோயாளிக்கு "கடைசியா ஒரு ஸ்கேன்" தேவையில்லை. எம்.ஆர்.ஐ.யில் உறையின் ஒளிர்வு வாரக்கணக்கில் நீடிக்கும். அதைப் பார்த்து மருந்தை நீட்டுவதும் தேவையற்றது. நிமோகாக்கஸுக்கு 10 முதல் 14 நாள், லிஸ்டீரியாவுக்கு 21 நாள் என்ற கணக்கை முடிவு செய்வது கிருமியும் நோயாளியின் நிலையும்.

படம் தேவைப்படுவது நிலை மாறும்போது. முதல் இரண்டு நாளில் நினைவு இறங்கினால் வீக்கமோ நீர் தேங்குவதோ இருக்கலாம். ஸ்கேனுக்குத் தள்ளுவதற்கு முன் ரத்தத்தில் சோடியத்தைப் பாருங்கள், அது விழுந்திருந்தாலும் இதே அறிகுறிதான். வெளியே தெரியாத வலிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பிடிப்பது மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. மூன்றாம் நாளிலிருந்து ஒரு பக்கப் பலவீனமோ புதிய வலிப்போ வந்தால் பக்கவாதம், சிரை உறைவு, சீழ். இங்கே சாயத்தோடு சி.டி.யும் சிரைப் படமும், அல்லது எம்.ஆர்.ஐ. நிமோகாக்கஸில் ஓர் அபூர்வச் சிக்கல் உண்டு: ஒரு வாரம் நன்றாகத் தேறி, டெக்ஸாமெத்தசோன் நின்ற சில நாளில், திடீரென்று மூளை ரத்தக் குழாய்கள் அடைபடும். தேறிவிட்டார் என்று வார்டு மாற்றிய பிறகும் கிளாஸ்கோ எழுதுவதை நிறுத்தக் கூடாது.

காய்ச்சல் மட்டும் திரும்பினால் முதலில் ஊசிக் குழாய் போட்ட இடத்தையும், நெஞ்சையும், சிறுநீரையும் பாருங்கள். மருந்தே காய்ச்சல் தரலாம். அங்கெல்லாம் காரணம் இல்லை, அல்லது தலைவலியும் கூடவே ஏறுகிறது என்றால் படம் எடுங்கள். சீழ்க்கட்டி உறுதியானால் மருந்து ஆறு முதல் எட்டு வாரம், இடையிடையே படம்; பல நோயாளிகளுக்கு நரம்பு அறுவை மருத்துவர் ஊசியால் சீழை உறிஞ்சுவார்.

இரண்டாம் முறை மூளைக்காய்ச்சல் வந்தவருக்கு மண்டையோட்டின் அடியில் ஓட்டை தேட வேண்டும். எப்போதோ மோட்டார்சைக்கிளில் விழுந்தது, குனிந்தால் ஒரு மூக்கிலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டுவது, இவற்றைக் கேட்டு, மெல்லிய வெட்டுகளாக எலும்பு சி.டி. எடுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன்

படங்களைக் குறுந்தட்டில் நகல் கேட்டு வாங்குங்கள். அறிக்கைத் தாளையும் சேர்த்து வாங்குங்கள். ஈப்போவில் எடுத்த படம் மாவட்ட ஆஸ்பத்திரியின் கணினியில் திறக்கும் என்று நம்பி வெறுங்கையோடு வராதீர்கள். ஆறு மாதம் கழித்து வலிப்பு வந்தால் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

காது சோதனையைத் தேதி குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும் முன்போ, நான்கு வாரத்துக்குள்ளோ நடக்க வேண்டும். குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் "விளையாட்டுப் புத்தி" என்று விட்டுவிடாதீர்கள். கேட்கும் திறன் கடுமையாகப் போயிருந்தால் உடனே உள்காதுக்கு எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் வேண்டும்: மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு சில வாரங்களிலேயே உள்காதின் சுருள் எலும்பாக இறுகத் தொடங்கலாம். இறுகிவிட்டால் காக்லியர் கருவியின் கம்பி முழுதாக உள்ளே போகாது. அதனால் காது-மூக்கு-தொண்டை நிபுணரின் தேதி மூன்று மாதம் தள்ளி விழுந்தால், மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை என்று சொல்லி முன்னால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.